காலால் மிதிப்பதை மட்டும் எண்ணுங்கள்: பேஸுக்கு ஒரு குட்டி பெடல்போர்டு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: கையில் இருப்பது நான்கு ஸ்ட்ரிங் பாசிவ் (உள்ளே பேட்டரி இல்லாத) பேஸ் கிட்டார். பாதி மேடைகளில் ஆம்ப் கிடையாது, நேராக மிக்ஸருக்குத்தான் போகிறீர்கள். முதுகுப் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவில் ஒரு பெடல்போர்டு, அதாவது காலால் மிதித்து சத்தத்தை மாற்றுகிற பெடல்களைப் பதித்த பலகை, வேண்டும். டியூனர், கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி கீழே சேர்ப்பது), என்வலப் ஃபில்டர், ஓவர்டிரைவ், ஃபஸ் (இரண்டும் சத்தத்தைக் கரகரப்பாக்குபவை), கோரஸ் (ஒரே சுரத்தைப் பலர் வாசிப்பதுபோல ஆக்குவது), கடைசியில் ஒரு டிஐ (பேஸை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புவது), ஆக எட்டு பெடல். எல்லாவற்றையும் மினி சைஸில் வாங்கினால் அடங்கிவிடுமா, எந்த வரிசையில் வைப்பது, பவருக்கு என்ன செய்வது?

அடங்கும். ஆனால் அடக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். போர்டை மினி பெடல் சின்னதாக்காது, எண்ணிக்கையைக் குறைத்தால்தான் சின்னதாகும். ஒரு வேலை செய்யுங்கள்: நீங்கள் வாசிக்கிற பாட்டுகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த பெடலை மிதிப்பீர்கள் என்று எழுதுங்கள். "போட்டுவிட்டால் அப்படியே இருக்கும்" என்கிற சமாச்சாரத்தை எழுதாதீர்கள், பாட்டுக்கு நடுவில் கால் போகிற இடத்தை மட்டும் எழுதுங்கள். இருபது பாட்டு எழுதி முடித்தால் உங்கள் எட்டில் இரண்டோ மூன்றோதான் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்குத்தான் போர்டின் முன்வரிசையில் இடம். கம்ப்ரஸர், டிஐ மாதிரி எப்போதும் ஓடுகிறவற்றுக்கு கால் எட்டுகிற இடம் தேவையே இல்லை, பின்னால் தள்ளிவிடலாம், சில சமயம் பெடலாகவே இல்லாமல் வேறொன்றுக்குள் ஒரு நாபாக (திருகுகிற குமிழாக) இருந்தாலும் போதும். பட்டியலில் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வருவது எதுவோ அது வீட்டிலேயே இருக்கட்டும்.

மினி பெடல் விஷயத்தில் இன்னொரு சிக்கல் கால்தான். ஒரு மினி பெடலின் அகலம் ஏறத்தாழ 4 செ.மீ., ஷூ போட்ட காலின் அகலம் 10 செ.மீ.க்கு மேல். ஐந்து மினி பெடலைத் தோளோடு தோள் ஒட்டி வைத்தால் படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும், இருட்டான மேடையில் ஒன்றை மிதிக்கப்போய் இரண்டை மிதிப்பீர்கள், அல்லது நாப் திரும்பிவிடும். பாஸ் நிறுவனத்தின் வழக்கமான பெடல் 7.3 செ.மீ. அகலம், 12.9 செ.மீ. நீளம். எம்எக்ஸ்ஆர் மாதிரியான சின்னப் பெட்டிகள் சுமார் 6 செ.மீ. அகலம், 11 செ.மீ. நீளம். இந்த இரண்டாவது அளவுதான் குட்டி போர்டுக்குச் சரியான நடுவழி என்பது என் அபிப்பிராயம். மினியை, மிதிக்கவே போகாத பெடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: டியூனர், கம்ப்ரஸர்.

அளவு பார்க்கும்போது எல்லோரும் மறப்பது பிளக்கை. பெடல்ட்ரெயின் நானோ போர்டு 35.5 செ.மீ. அகலம், 14 செ.மீ. ஆழம். 6 செ.மீ. பெடல் என்றால் ஐந்து வைக்கலாம் என்று கணக்குப் போடுவோம், 5 செ.மீ. மிச்சம் இருப்பதுபோலக்கூடத் தெரியும். பக்கவாட்டில் ஜாக் உள்ள பெடல்களுக்கு நடுவே தட்டையான பிளக் வைத்தாலும் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. போய்விடும். நான்கு இடைவெளி, அப்புறம் இரண்டு ஓரத்திலும் வெளியே போகிற கேபிளின் பிளக். கணக்கு உதைக்கும். ஜாக் மேல்பக்கம் உள்ள பெடல்கள் என்றால் ஒட்டி வைக்கலாம், ஆனால் அப்போது ஆழத்தில் மூன்று செ.மீ. கேட்கும், 14 செ.மீ. போர்டில் பிளக் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் வாங்குவதற்கு முன் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, பெடல்களின் நீள அகலத்தை இணையத்தில் பார்த்து அதே அளவில் துண்டுகள் வெட்டி, பிளக்குக்கும் துண்டு வெட்டி, தரையில் பரப்பி இரண்டு நாள் அப்படியே விட்டு, நின்றுகொண்டு மிதித்துப் பாருங்கள். பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். நான் இதைச் செய்யாமல் வாங்கிய முதல் போர்டு இன்னும் பரணில் கிடக்கிறது.

சரி, எதையெல்லாம் வைப்பது. பேஸ் என்பதால் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடைசி ஈ ஸ்ட்ரிங் திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73, ஜி 98. கிட்டார்காரர்களின் கடைசி ஸ்ட்ரிங்கே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. கிட்டாருக்காக வடிவமைத்த பெடல் இந்தக் கீழ்ப்பகுதியைப் பற்றிக் கவலைப்படாது, சில சமயம் வேண்டுமென்றே வெட்டிவிடும். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதாகச் சொன்ன ஓவர்டிரைவ் டியூப் ஸ்க்ரீமர் வகை. அந்த சர்க்யூட்டில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக பெருக்கம் குறைந்துகொண்டே வரும், கிட்டாரில் குழைசல் இல்லாமல் தெளிவாகக் கேட்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பேஸில் போட்டு மிதித்தால் நடுப்பகுதி முன்னால் துருத்திக்கொண்டு வரும், அடிக்கனம் அதற்குப் பின்னால் போய்விடும். டிரம்மர் திரும்பிப் பார்ப்பார். தனியாக அறையில் வாசிக்கும்போது இது தெரியாது, ஏனென்றால் டிஸ்டார்ஷனின் மேல்பகுதி காதை நிரப்பிவிடும். பேண்டோடு வாசிக்கும்போதுதான் தரை காணாமல் போனது தெரியும்.

இதற்கு மருந்து பிளெண்ட் நாப். சுத்தமான சிக்னலைக் கொஞ்சமும் டிரைவ் ஆன சிக்னலைக் கொஞ்சமும் கலக்கிற நாப் அது. பேஸ் டிரைவ் வாங்கும்போது மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். டார்க்கிளாஸின் பி3கே, பாஸின் ஓடிபி-3, எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் பேஸ் பிக் மஃப் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் சுத்த சிக்னலைக் கலக்கும் வசதி உண்டு. இந்த மூன்றும் மூன்று விதமான குரல். பி3கே நவீன ராக், மெட்டலுக்கு ஏற்ற, ஓரம் கூர்மையான சத்தம். ஓடிபி-3 பலருக்குப் பிடிக்காது, கெய்னை (கரகரப்பின் அளவை) பாதிக்கு மேல் வைத்தால் தேனீக்கூட்டம் மாதிரி இருக்கும் என்பார்கள், அது உண்மைதான், ஆனால் கெய்னைக் குறைத்து பேலன்ஸை சுத்தத்தின் பக்கம் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. பிக் மஃப் ஃபஸ், அதில் மிட், அதாவது நடுப்பகுதி, குழிந்திருக்கும். தனியாகக் கேட்டால் பிரமாண்டம், இரண்டு கிட்டார் உள்ள பேண்டில் காணாமல் போகும்.

பிளெண்டில் ஒரு பொறி இருக்கிறது. சில பெடல்கள் சிக்னலைத் தலைகீழாக்கி வெளியே விடும், அதாவது மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அதைத் தனியாகக் கேட்டால் வித்தியாசமே தெரியாது. ஆனால் தனி பிளெண்டர் பெட்டி ஒன்று வாங்கி அதன் லூப்பில் இப்படிப்பட்ட பெடலைப் போட்டால் சுத்த சிக்னலும் இதுவும் ஒன்றையொன்று தின்றுவிடும். சோதிப்பது எளிது: ஈ ஸ்ட்ரிங்கை அடித்துக்கொண்டே பிளெண்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு முனையிலும் கனமாக இருந்து நடுவில் மட்டும் சோகை பிடித்த மாதிரி ஆனால் அதுதான் பிரச்சினை. பல பிளெண்டர்களில் ஃபேஸ் சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டினால் சரியாகிவிடும். உங்கள் பட்டியலில் ஓவர்டிரைவ், ஃபஸ் இரண்டும் இருந்தன. ஒன்றை எடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன பாட்டு வகைக்கு ஓவர்டிரைவ் போதும், பிளெண்ட் உள்ளதாக ஒன்று வாங்கி, பழைய கிட்டார் டிரைவை விற்றுவிடலாம்.

கம்ப்ரஸர் தேவையா என்றால், நேராக மிக்ஸருக்குப் போகிறவருக்கு அங்கே இருப்பவர் எப்படியும் பேஸ் சேனலில் ஒரு கம்ப்ரஸர் போடுவார். இரண்டு கம்ப்ரஸர் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் விரல் உயிர் போய்விடும். அதனால் பெடலில் மிதமாக வைக்க வேண்டும்: ரேஷியோ (எவ்வளவு பலமாக அமுக்குகிறது) 4:1 அல்லது அதற்குக் கீழே, அட்டாக் (எவ்வளவு நேரத்தில் அமுக்கத் தொடங்குகிறது) 30 மில்லிசெகண்ட் சுற்றுவட்டத்தில் (விரல் பட்ட முதல் தட்டு தப்பிப் போகட்டும்), பலமாக அடிக்கும்போது 3 முதல் 5 டெசிபெல் வரை இறங்கினால் போதும். எவ்வளவு இறங்குகிறது என்பதைக் காட்டும் விளக்கு வரிசை உள்ள கம்ப்ரஸர்தான் வாங்கத் தகுந்தது, ஏனென்றால் கம்ப்ரஷன் என்பது காதுக்குப் பிடிபடப் பல மாதம் ஆகும், அதுவரை கண்ணால் பார்த்துப் பழகலாம். எம்எக்ஸ்ஆரின் எம்87 அப்படிப்பட்டது. உங்கள் விரல் ஏற்கெனவே சீராக இருந்தால் கம்ப்ரஸர் இல்லாமல் ஒரு மாதம் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் இதைச் சொன்னால் பலர் கோபப்படுவார்கள்.

ஆக்டேவ் பெடல் விஷயத்தில் நான் நடுநிலைவாதி இல்லை, எனக்கு அது மிகவும் பிடிக்கும். 1982-ல் வந்த பாஸ் ஓசி-2 இன்றும் பலர் தேடுகிற பெடல். காரணம், அது ஒரு ஸ்தாயி கீழே தரும் சத்தம் பேஸின் நகலாக இல்லாமல் பழைய சின்த் மாதிரி உருண்டையாக இருக்கும். ஆனால் எல்லா அனலாக் ஆக்டேவும் ஒரே நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் புரிந்துகொள்ளும். இரண்டு ஸ்ட்ரிங்கைச் சேர்த்து அடித்தால் உளறும். கீழே போகப் போகவும் உளறும். அதோடு கணக்கு ஒன்று இருக்கிறது: திறந்த ஈ ஸ்ட்ரிங்குக்கு ஒரு ஸ்தாயி கீழ் என்றால் சுமார் 20.6 ஹெர்ட்ஸ், காதால் கேட்க முடிகிற எல்லையின் விளிம்பு. ஸ்பீக்கர் கோன் முன்னும் பின்னும் ஆடும், சத்தம் வராது, ஆம்ப் சூடாகும், அவ்வளவுதான். ஆகவே ஆக்டேவ் போட்டிருக்கும்போது கையை மேலே கொண்டுபோங்கள், 5-வது ஃப்ரெட்டிலிருந்து 12 வரை, டி, ஜி ஸ்ட்ரிங்குகளில். கழுத்துப் பக்க பிக்கப், டோன் நாபைப் பாதிக்குக் குறைத்து வைத்தால் பெடலுக்கு சுரம் சுலபமாகப் பிடிபடும், உளறல் பாதி குறையும். புதிய ஆக்டேவ் வாங்கி "டிராக்கிங் (சுரத்தைப் பிடிப்பது) சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறவர்களில் பலர் டோனைக் குறைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என்வலப் ஃபில்டர், அதாவது நீங்கள் அடிக்கிற பலத்துக்கு ஏற்ப "வாவ்" என்று வாய் திறக்கிற பெடல், 1970-களின் மூட்ரான் பெடல் காலத்திலிருந்து ஃபங்க் பேஸின் அடையாளம். உங்கள் பாட்டுப் பட்டியலில் அது எத்தனை முறை வருகிறது என்று பார்த்தீர்களா? ஒன்று அல்லது இரண்டு என்றால் விட்டுவிடுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் கம்ப்ரஸருக்கு முன்னால் வையுங்கள், அது விரலின் ஏற்ற இறக்கத்தைச் சாப்பிட்டுத்தான் உயிர் வாழ்கிறது, கம்ப்ரஸர் அதை முதலிலேயே மழுங்கடித்துவிட்டால் ஃபில்டர் எப்போதும் ஒரே அளவுக்கு வாய் திறந்துகொண்டு நிற்கும். கோரஸ்? ஏற்கெனவே கிட்டார் கோரஸ் இருக்கிறது என்றீர்கள். மெதுவான பாட்டில் மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்தால் அழகு, கீழே வந்தால் சுருதி ஆடுகிற மாதிரி கேட்கும். பேஸ் கோரஸ்களில் கீழ்ப்பகுதியைத் தொடாமல் மேலே மட்டும் கோரஸ் போடும் ஏற்பாடு இருக்கும், அதனால்தான் அவை தனியாக விற்கின்றன. இந்த போர்டில் அதற்கு இடம் இல்லை.

வரிசை பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டை போடுவார்கள். உங்களுக்கு மிஞ்சியது டியூனர், ஆக்டேவ், கம்ப்ரஸர், டிரைவ், டிஐ. இதே வரிசையில் வையுங்கள். ஆக்டேவுக்கு சுத்தமான சிக்னல் வேண்டும், அதனால் டிரைவுக்கு முன்னால். கம்ப்ரஸரை ஆக்டேவுக்கு முன்னாலும் வைக்கலாம், சுரம் நீண்டு நிற்பதால் சில பெடல்களில் டிராக்கிங் நன்றாகவே இருக்கும். பின்னால் வைத்தால் ஆக்டேவின் திடீர் எழுச்சிகளை அடக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கம்ப்ரஸரை டிரைவுக்குப் பின்னால் மட்டும் கொண்டுபோகாதீர்கள், நீங்கள் வாசிப்பதை நிறுத்தியவுடன் டிரைவின் இரைச்சலை அது மெல்லத் தூக்கிக்கொண்டு வரும். வழக்கத்தில் பெடலின் இன்புட் வலப்பக்கம் இருக்கும் என்பதால் சிக்னல் வலமிருந்து இடம் ஓடும். ஆனால் பேட்ச் கேபிள் கொஞ்சம் நீளமாக இருந்தால் பெடலின் இடமும் சிக்னல் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடிக்கடி மிதிப்பது ஓரத்தில் இருக்கட்டும், ஓரம்தான் கண் பார்க்காமலே காலுக்குத் தெரியும்.

டியூனரை முதலில் வைப்பதற்கு ஒரு காரணம் பஃபர், அதாவது பிக்கப்பின் பலவீனமான சிக்னலுக்கு நீளமான கேபிளைத் தள்ளும் பலம் தருகிற சர்க்யூட். பாசிவ் பிக்கப்புக்கு நீளமான கேபிள் ஆகாது. சாதாரண கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். பேஸிலிருந்து போர்டு வரை 5 மீட்டர், போர்டிலிருந்து ஆம்ப் வரை 5 மீட்டர், எல்லா பெடலும் ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போவது), எல்லாம் அணைந்திருக்கிறது என்றால் பிக்கப் அந்த 10 மீட்டரையும் தனியாகத் தள்ளுகிறது, மேல்பகுதியின் பளபளப்பு மங்கும். வரிசையில் முதலில் ஒரே ஒரு நல்ல பஃபர் இருந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. பஃபர் உள்ள டியூனர்கள் நிறைய உண்டு, சிலவற்றில் ட்ரூ பைபாஸ், பஃபர் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் சுவிட்சே இருக்கும். விதிவிலக்கு ஒன்று, பழைய ஜெர்மானியம் வகை ஃபஸ். அது நேராக பிக்கப்பைப் பார்த்தால்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும், முன்னால் பஃபர் இருந்தால் கரகரப்பாகிவிடும். உங்கள் போர்டில் ஃபஸ் இல்லாததால் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

இனி டிஐ. உங்கள் நிலைமையில் இதுதான் போர்டின் ராஜா, காசு செலவழிக்க ஒரே ஒரு பெடலுக்குத்தான் முடியும் என்றால் இதற்குச் செலவழியுங்கள். ஆம்ப் இல்லாமல் மிக்ஸருக்குப் போகும்போது ஸ்பீக்கர் என்கிற வடிகட்டி உங்களிடம் இல்லை. பேஸ் ஸ்பீக்கர் மேல்பகுதியின் கிறீச்சிடலை இயல்பாகவே விழுங்கிவிடும். அது இல்லாமல் ஓவர்டிரைவை நேராக மிக்ஸருக்குள் அனுப்பினால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல இருக்கும். எனவே ஸ்பீக்கர் சிமுலேஷன் உள்ள ப்ரீஆம்ப் டிஐ வேண்டும். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ இந்த வேலைக்குப் பெயர் போனது. அதற்கென்று ஒரு குரல் உண்டு, நடுப்பகுதி கொஞ்சம் குழிந்திருக்கும், அது பிடித்தால் சரி. எம்எக்ஸ்ஆர் எம்80 இன்னொன்று, அதில் டிஸ்டார்ஷன் சேனலும் பிளெண்டும் சேர்ந்தே இருப்பதால் ஓவர்டிரைவ் பெடலையே தவிர்த்து நான்கு பெடலில் முடித்துவிடலாம், ஆனால் எம்80-ல் ஸ்பீக்கர் சிமுலேஷன் கிடையாது என்பதால் டிஸ்டார்ஷன் போடும்போது ட்ரெபிளை நன்றாகக் குறைத்து வைக்க வேண்டியிருக்கும்.

டிஐ பெடலில் "ப்ரீ", "போஸ்ட்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ப்ரீ என்று போட்டால் போர்டில் உள்ள எதுவும் மிக்ஸருக்குப் போகாது, சுத்த பேஸ் மட்டும் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் பெடலுக்குள் இருக்கும் டோன் பகுதிக்கு முன்னால் எடுக்கிறது, அவ்வளவுதான், அதற்கு முன் வரிசையில் இருக்கிற ஆக்டேவும் டிரைவும் போகத்தான் செய்யும். கிரவுண்ட் லிஃப்ட் (மிக்ஸரோடு உள்ள எர்த் இணைப்பைத் துண்டிக்கிற) சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஆம்பும் மிக்ஸரும் வேறு வேறு மின் இணைப்பில் இருந்தால் உறுமல் வரும், அந்தச் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். மிக்ஸரில் இருப்பவரிடம் பேசும்போது டிரைவ் ஆன், ஆஃப் இரண்டு நிலையிலும் அடித்துக்காட்டி லெவலை சமமாக்கிக்கொள்ளுங்கள். ஒலிச்சோதனையில் சுத்தமாக மட்டும் வாசித்துவிட்டு நிகழ்ச்சியில் திடீரென்று 6 டெசிபெல் ஏறினால் அவர் உங்களை இறக்கிவிடுவார், அதற்கப்புறம் ஏற்றவும் மாட்டார்.

பவர். பலருடைய போர்டு இங்கேதான் கெடுகிறது. பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுள் நெகட்டிவ். வோல்ட் சரியாக இருக்க வேண்டும், துருவம் சரியாக இருக்க வேண்டும், மில்லியாம்பியர் மட்டும் தேவைக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, பெடல் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். 18 வோல்ட் அவுட்டில் 9 வோல்ட் பெடலைச் செருகினால் புகைதான். அனலாக் டிரைவ், கம்ப்ரஸர் எல்லாம் பொதுவாகச் சில பத்து மில்லியாம்பியர்களுக்குள் அடங்கும். டிஜிட்டல் பெடல் என்றால் 100, 200, இன்னும் மேலே. உங்கள் ஐந்து பெடலும் அனலாக்காக இருந்து டியூனர் மட்டும் டிஜிட்டல் என்றால் மொத்தம் 200 மில்லியாம்பியரைத் தாண்டுவது கடினம், ஒரு நல்ல அடாப்டரும் ஒன்றிலிருந்து ஐந்தாகப் பிரியும் டெய்சி செயின் வயரும் போதும். இதைச் சொன்னால் "ஐசோலேட்டட் சப்ளை (ஒவ்வொரு பெடலுக்கும் மற்றதோடு தொடர்பில்லாத தனி அவுட் தருவது) இல்லாமல் போர்டா" என்று கேட்பார்கள். ஐசோலேட்டட் நல்லதுதான், டிஜிட்டல் பெடல் ஒன்றிரண்டு சேர்ந்தவுடன் டெய்சி செயினில் "கீ" என்று ஒரு சத்தம் டிரைவ் வழியாக வரும், அப்போது தவிர்க்க முடியாது. ஆனால் அது கனம், இடம், காசு. முதலில் செயினில் போட்டுப் பாருங்கள், சத்தம் இல்லை என்றால் அந்தக் காசை டிஐயில் போடுங்கள்.

பவர் பேங்கில் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம். யுஎஸ்பி பிடி (வேண்டிய வோல்ட்டைக் கேட்டு வாங்கும் யுஎஸ்பி முறை) வசதியுள்ள பவர் பேங்குகளில் பல 9 வோல்ட் தரும், அந்த 9 வோல்ட்டைக் கேட்டு வாங்கி பெடல் பிளக்கில் தருகிற டிரிகர் கேபிள் கிடைக்கிறது. இரண்டு எச்சரிக்கை. அந்த கேபிள்களில் நடுமுள் பாசிட்டிவாக இருப்பது சகஜம், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகாதீர்கள், துருவம் மாற்றும் சின்ன வயர் தனியாகக் கிடைக்கும். இரண்டாவது, இழுக்கிற மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் "எதுவும் இணைக்கவில்லை" என்று நினைத்து சில பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். வீட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபிறகுதான் மேடைக்கு. சுவரோடு தொடர்பு இல்லாததால் உறுமல் வரும் வாய்ப்பு குறைவு, அது உபரி லாபம்.

போர்டு என்று ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டுமா? 12 மி.மீ. பிளைவுட் பலகை, 42 செ.மீ. அகலம், 18 செ.மீ. ஆழம், பின்பக்கம் அடியில் ஒரு கட்டை வைத்து லேசாகச் சரித்து, மேலே வெல்க்ரோ. போதும். பெடலின் அடியில் உள்ள ரப்பரை உரித்தால்தான் வெல்க்ரோ பிடிக்கும், உரித்த ரப்பரைப் பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது கேட்பார்கள். முன்வரிசையில் ஆக்டேவும் டிரைவும், நடுவில் டிஐ, கம்ப்ரஸரும் டியூனரும் மினியாகப் பின்னால் ஓரத்தில். பேட்ச் கேபிள் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சால்டர் இல்லாமல் திருகி மூடுகிற வகையை நான் இரண்டு வருடம் வைத்திருந்தேன், அளவாக வெட்டிக்கொள்ளலாம், பார்க்க நேர்த்தி. ஒரு நாள் மூன்றாவது பாட்டில் சத்தம் நின்றது, ஐந்து பெடல், ஆறு இணைப்பு, எது என்று தெரியாமல் குனிந்து ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டிருந்தேன், பாடகர் பொதுமக்களுக்கு ஏதோ கதை சொல்லிச் சமாளித்தார். அன்றிலிருந்து சால்டர் செய்ததுதான்.

எல்லாவற்றையும் ஒரே மல்டி எஃபெக்டில் முடித்துவிடலாமே என்றும் யாராவது சொல்வார்கள். தப்பில்லை. 2018-ல் வந்த லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் கிட்டத்தட்ட இரண்டு பெடல் இடத்தில் நீங்கள் கேட்ட எட்டையும், ஸ்பீக்கர் சிமுலேஷனையும் தரும். பாட்டுக்குப் பாட்டு முழு சத்தத்தையும் மாற்றுகிறவர் என்றால் அதை வாங்குங்கள், பவர் பற்றி மேலே சொன்னதை மறந்துவிட்டு அதனோடு வருகிற 3 ஆம்பியர் அடாப்டரையே வையுங்கள். நான் வாங்காததற்குக் காரணம் ஒன்றுதான், மேடையில் சத்தம் மந்தமாக இருந்தால் ஒரு நாபைப் பிடித்துத் திருப்ப எனக்கு ஒரு விநாடி போதும், மெனுவுக்குள் போய்த் தேட பொறுமை கிடையாது. உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கலாம்.

கட்டி முடித்தபின் செய்ய வேண்டியது: போர்டுக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு சுரத்தை அடியுங்கள், அதே சுரத்தை பேஸை நேராக டிஐயில் செருகி அடியுங்கள். கனத்தில் வித்தியாசம் தெரிந்தால் வரிசையில் ஏதோ ஒன்று தின்கிறது, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்டுபிடியுங்கள். டிஐயில் ஹைபாஸ் ஃபில்டர் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள அதிர்வை வெட்டுவது) இருந்தால் 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். ஆக்டேவின் பயனற்ற அடி அதிர்வும், கை ஸ்ட்ரிங்கில் மோதும் தடதடப்பும் போய்விடும், ஸ்பீக்கருக்கும் நிம்மதி. அப்புறம், டிஐயின் இன்புட் ஜாக்கைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள், எதற்கும் அடியில் புதைக்காதீர்கள். மேடையில் போர்டு செத்தால் டியூனரில் இருக்கும் கேபிளைப் பிடுங்கி நேராக அதில் செருகிவிட்டு வாசித்துக்கொண்டே இருக்கலாம். டிஐக்கு பேட்டரியோ, மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரோ போதும் என்கிற வகை என்றால் அடாப்டர் செத்தாலும் கவலை இல்லை, வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.